ஓரமா போ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று கல்யாணமான புதிதிலேயே என் மாமியார் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். தப்பில்லை, இருக்கிறதுதான். ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் பார்க்கிற வேலை, அடுத்தவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது. சேலையூரில் ஒரு பரிசோதனை லேபில் காலை ஷிஃப்ட் என்னுடையது. நான் போய்க் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். எல்லோரும் வெறும் வயிற்றில் வந்திருக்கிற சர்க்கரைக்காரர்கள். பசியோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரரின் கோபத்துக்கு முன்னால் என் கோபமெல்லாம் தூசு. அதனால் நேரத்துக்குப் போய்ச் சேர்வது என் வேலையில் பாதி. மீதி, கை நடுங்காமல் இருப்பது.

வீடு செம்பாக்கத்தில். வேளச்சேரி - தாம்பரம் மெயின் ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டி, கேம்ப் ரோடு சிக்னலையும் தாண்டினால் சாலை நடுவே தடுப்பில் ஓர் இடைவெளி வரும். அதில் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் லேப் இருக்கும் தெரு. அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டு பல வருடம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பஸ் வந்தால் ஏற இடமிருக்காது. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் நகராது. என் கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். "நான் எதுக்குக் கீறேன், போற வழியில உட்டுட்டுப் போறேன்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் போகிற வழி எது என்பதை அவர் முடிவு செய்வதில்லை, அவருடைய போன் முடிவு செய்யும். நான் செருப்புப் போட்டுக்கொண்டு படியில் நிற்கும்போது மேடவாக்கத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு சவாரி விழும். அப்படிப் படியில் நின்று நின்றே முன்பு ஒரு நர்ஸிங் ஹோம் வேலை போயிருக்கிறது.

இந்த லேப் வேலை கிடைத்தபோது, இதை மட்டும் விடக்கூடாது என்று முடிவு செய்தேன். மாடிப்படிக்கு அடியில் என் மகளின் சைக்கிள் இருந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. அவள் படித்து முடித்து வெளியூர்க் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சைக்கிள் மேல் பக்கத்து வீட்டு வாட்டர் கேன்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. கேன்களை இறக்கி வைத்துவிட்டு, தூசி தட்டி, காற்றில்லாத டயரோடு ராஜகீழ்ப்பாக்கம் சைக்கிள் கடைவரை தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டை இறக்கவா அக்கா என்று மட்டும் கேட்டார். இருபது வருடத்துக்கு அப்புறம் ஏறி உட்கார்ந்து மிதித்தபோது முழங்கால்தான் கொஞ்சம் முனகியது. மற்றபடி எதுவும் மறந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து லேப் கதவை நான் நினைத்த நேரத்துக்குத் திறக்கிறேன். யாரையும் கேட்க வேண்டாம், யாருக்காகவும் படியில் நிற்க வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டிக் கிடைத்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

சந்தோஷத்துக்கு ஒரே இடைஞ்சல், அந்த ரோட்டில் எனக்கு முன்னாலும் பின்னாலும் போகிறவர்கள். சைக்கிளில் ஏறிய முதல் நாளே என் பெயர் மாறிவிட்டது. "ஓரமா போ" என்பதுதான் என் பெயர். பைக்காரர் சொல்வார், ஸ்கூல் வேன்காரர் சொல்வார், தண்ணி லாரிக்காரர் வாயால் சொல்ல மாட்டார், காது கிழிகிற ஹாரனால் சொல்வார். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று இவர்களில் ஒருவராவது இறங்கிப் பார்த்திருந்தால் தெரியும். ஓரத்தில் சாக்கடை மூடி பாதி உடைந்து கிடக்கும். இளநீர்க் கடையின் மட்டைக் குவியல் இருக்கும். டிபன் கடைக்கு வந்தவர்களின் பைக்குகள் வாலை ரோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். கார்க் கதவு எந்த நேரமும் முகத்துக்கு நேராகத் திறக்கும். எதுவும் இல்லாத இடத்தில் மழைத் தண்ணி நிற்கும், அதற்கடியில் பள்ளம் இருக்கிறதா என்பது விழுந்தால் தெரியும். இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பதற்குப் பெயர்தான் ஓரம். நான் அதிலேயே போகப் பார்த்துத்தான் முதல் மாதத்தில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

ஓரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். வலது பக்கம் திரும்புவதுதான் பெரிய பஞ்சாயத்து. இடது ஓரத்தில் போகிற சைக்கிள் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்தே சாலையின் நடுவுக்கு வந்தாக வேண்டும். வானத்தில் பறந்தா போக முடியும்? ஆனால் சைக்கிள் நடுவுக்கு வருவதைப் பார்த்தால் எல்லோருக்கும் ரத்தம் கொதிக்கிறது. கார் வந்தால் திரும்பப் போகிறான் என்கிறார்கள். சைக்கிள் வந்தால் திமிரைப் பார் என்கிறார்கள்.

புத்திசாலிகள் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிச் செய்து பார்த்தேன். சைக்கிளைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போகிறவள் காரைவிட நீளம், நடக்கிறவளைவிட மெதுவு. முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பைக்கும் பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பைக்கும் ஒரே நேரத்தில் உரசிக்கொண்டு போன அன்று அந்தப் புத்திசாலித்தனத்தை விட்டுவிட்டேன். அதன் பிறகு முறையாகவே செய்கிறேன். முன்னதாகவே திரும்பிப் பார்க்க வேண்டியது. வலக்கையை நன்றாக நீட்ட வேண்டியது. நடுவுக்கு வந்து, எதிரே இடம் கிடைத்ததும் திரும்ப வேண்டியது. பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவரைப் போலப் பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. காலையில் எனக்குக் காபி போட்டுக் கொடுப்பது அவர்தான். மகள் பிறந்த நாளிலிருந்து அவளை ஒரு சொல் அதட்டியதில்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் அவருக்கு வேறு வாய் முளைத்துவிடும். ராத்திரி சாப்பாட்டில் தினமும் அன்றைய எதிரிகளை எடுத்து வைப்பார். அதில் சைக்கிள்காரர்கள் எப்போதும் உண்டு. குறுக்கே வந்தான், பின்னால் பார்க்கவில்லை, ரோட்டை அவன் அப்பன் எழுதி வைத்த மாதிரி போகிறான். ஒரு நாள் ரொம்பச் சூடாகச் சொன்னார்: "டாக்ஸ் கட்றது நானு, இன்ஷூரன்ஸ் கட்றது நானு. சைக்கிள்காரன் இன்னா கட்றான்? கேரியர்ல டிபன் பாக்ஸ் கட்றான்." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விடியாத நேரத்தில் எழுந்து ஓட்டுகிறவர். அஞ்சு நிமிஷம் தாமதமானால் சவாரி ரத்தாகும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் பிளைட் போய்விடும் என்று கழுத்தை நெரிப்பார். அந்தச் சூட்டை யார் மேலாவது இறக்க வேண்டும். லாரி மேல் இறக்க முடியுமா? ஆளும் பேருமாய் இறங்கி வந்துவிடுவார்கள். சைக்கிள்தான் வசதி. ஆனால் அவர் சைக்கிள்காரர்களைத் திட்டும்போது என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். நான் சைக்கிள் ஓட்டுகிற மனைவி, மற்றவர்கள் சைக்கிள்காரர்கள். நான் ஏதாவது சொன்னால், "நீ ஒழுங்கா ஓட்டுவ, உன்ன யாரு சொன்னா" என்று முடித்துவிடுவார்.

அது ஐப்பசி மாதம். காலையில் அவருக்குச் சவாரி எதுவும் விழவில்லை, கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். குழம்பை மூடி வைத்திருக்கிறேன், மறக்காமல் சாப்பிடுங்கள், நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தி, கூடையிலிருந்த மழைக்கோட்டை எடுத்து மாட்டினேன். முந்தின நாள்தான் லேபுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது, கணுக்கால் வரைக்கும் வரும். தலையில் மகள் வாங்கி அனுப்பிய ஹெல்மெட், அதன் மேல் கோட்டின் முக்காடு, முகத்தில் மாஸ்க். சைக்கிளோ தெருவுக்கு நாலு நிற்கிற அரசாங்க சைக்கிள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. பெற்ற தாய்க்கே என்னை அடையாளம் தெரிந்திருக்காது.

கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டினேன். பின்னால் பார்த்தேன், கையை நீட்டினேன், நடுவுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் ஓ.எம்.ஆர். ரோட்டு ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகிற பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்ததால் இடைவெளியில் கால் ஊன்றி நின்றேன். என் பின் சக்கரம் மட்டும் கொஞ்சம் சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஹாரன் ஆரம்பித்தது. விட்டு விட்டு அடிக்கிற ஹாரன் இல்லை, கையை எடுக்காமல் அழுத்துகிற ஹாரன். நான் நகரவில்லை. நகர்ந்தால் பஸ்ஸுக்கு அடியில்தான் போக வேண்டும். ஒரு வெள்ளைக் கார் என் இடது பக்கமாக, கோட்டு நுனி படபடக்கிற அளவுக்கு ஒட்டி வந்து மெதுவானது. கண்ணாடி இறங்கியது.

"இன்னாம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?"

மெட்ராஸ் ரோட்டில் காலகாலமாகப் புழங்குகிற வசவுதான் இது. சாகக் கிளம்பிவிட்டாயே, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று அர்த்தம். நானே பலமுறை வாங்கியிருக்கிறேன், ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடுவேன். ஆனால் இந்தக் குரலை விட முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் கணவர்.

அவர் கண் என் மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பின் சீட்டில் கோட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல, இவரும் சிரித்தார். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. நான் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சவாரி விழுந்திருக்க வேண்டும்.

நான் எப்படித் திரும்பினேன், எப்படி லேபுக்குப் போனேன் என்று தெரியாது. வழக்கமாக வருகிற ஒரு ரிட்டயர்டு வாத்தியார்தான் முதல் ஆள். அவர் கையில் நரம்பு நூல் மாதிரி தெரியும், கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடலாம். அன்றைக்கு முதல் குத்து ஏறவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினேன், அதுவும் இல்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி நடுங்கியதில்லை. என்னம்மா உடம்பு சரியில்லையா என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். உள்ளே போய்க் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். லாரிக்காரன் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இது கோபமாக வரவில்லை. துக்கமாக வந்தது. இருபத்தி மூன்று வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு நான் ரோட்டில் ஓர் இடைஞ்சல் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லையா என்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மற்றவர்களுக்கெல்லாம் எடுத்தேன்.

ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம் போல எதிரிகளின் கதை ஆரம்பித்தது. மழையில் பஸ், மேடவாக்கத்தில் லாரி, அப்புறம் கேம்ப் ரோட்டில் ஒரு பொம்பளை. நடு ரோட்டில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி நின்றாளாம். இவர் ஹாரன் அடித்தும் அசையவில்லையாம். கஸ்டமருக்கு ஒரே சிரிப்பாம். நான் அடுப்பை அணைத்தேன். நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் தோசையைப் பிட்டுக்கொண்டே அந்த வசவை அதே ராகத்தில் சொல்லிக் காட்டினார்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன்," என்றேன். "குழம்பை மூடி வெச்சிருக்கேன், மறக்காம சாப்பிடுங்கன்னு உங்ககிட்டதான் சொல்லிட்டு வந்தேன்."

பிட்ட தோசை அவர் கையிலேயே இருந்தது. நான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மழைக்கோட்டைக் காட்டினேன். அவர் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. ஒரு மன்னிப்பு வரும் என்று நினைத்தேன். அதற்குப் பதில், "நீன்னு தெரிஞ்சிருந்தா அப்டி சொல்லுவனா?" என்றார்.

அந்த வார்த்தைதான் காலையில் கேட்டதைவிடச் சுட்டது. "அது நான் இல்லன்னா சொல்லலாமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். தோசை ஆறிக் கிடந்தது.

மறுநாள் காலை மாடிப்படிக்கு அடியில் என் சைக்கிள் தடித்த இரும்புச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டிக் கிடந்தது. சாவி அவர் பாக்கெட்டில். இனி அவரே கொண்டுபோய் விடுவாராம், அவரே கூட்டி வருவாராம். கையைக் காட்டிக்கொண்டு அந்த ரோட்டில் நிற்க வேண்டாமாம். அவர் மாதிரி இன்னும் எத்தனை பேர் அங்கே ஓட்டுகிறார்கள் என்று அவருக்கு மட்டும்தானே தெரியும். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா பயத்தில் செய்கிறார் அம்மா, விட்டுப் பிடி என்றாள். பயம் அவருக்கு, பூட்டு எனக்கா என்று கேட்டுவிட்டு வைத்தேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன்.

சில நாள் சொன்னபடியே கொண்டுபோய் விட்டார். அப்புறம் ஒரு நாள் நான் செருப்பு மாட்டும்போதே அவர் போன் கூவியது. ஏர்போர்ட் சவாரி, விட முடியாது, பத்து நிமிஷத்தில் வேறு ஏற்பாடு செய்கிறேன் என்று ஓடினார். நான் பழையபடி படியில் நின்றேன். ஆட்டோ வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது லேப் வாசலில் ஒரு சின்னக் கூட்டமே இருந்தது. ஓர் அம்மாள் மயக்கம் வந்து படியில் உட்கார்ந்திருந்தார், யாரோ பிஸ்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மேனேஜர் மேடம் போனில் குரலை உயர்த்தவே இல்லை. இன்னொரு தடவை இப்படியானால் காலை ஷிஃப்டுக்கு வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று தன்மையாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிள் கடைக்காரரிடம் சங்கிலியை அறுக்க ஆள் வேண்டும் என்றேன். சாவி தொலைந்துவிட்டதா அக்கா என்றார். தொலையவில்லை, சாவி என் கணவரிடம் பத்திரமாக இருக்கிறது என்றேன். யார் சைக்கிள் என்று கேட்டார். என்னுடையது என்றேன். வேறெதுவும் கேட்காமல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

அறுத்த சங்கிலியை டீ.வி.க்குப் பக்கத்தில், அவர் கார்ச் சாவி வைக்கிற இடத்தில் வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தார். நான் லேப் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வேலை படியில் நின்றே போச்சு, இதை விட மாட்டேன், நாளைக்குச் சைக்கிளில் போவேன், நாளன்னைக்கும் போவேன் என்றேன். சண்டை வரும் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் நின்றேன். சண்டை வரவில்லை. சரி என்றார். அந்தச் சரி எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே இருந்தது.

காலையில்தான் விஷயம் புரிந்தது. நான் சைக்கிளை மிதித்துத் தெருமுனை திரும்பினால் பின்னால் கார். நான் போகிற வேகத்திலேயே, நாலு விளக்கும் மின்ன மின்ன, கல்யாண ஊர்வலத்தில் வருகிற மாதிரி வருகிறார். போங்கள் என்று கையை ஆட்டினேன். அவர் அசையவில்லை. மெயின் ரோட்டில் ஏறியதும் எங்கள் ஊர்வலத்துக்குப் பின்னால் பாதி செம்பாக்கம் சேர்ந்துகொண்டது. ஹாரன் என்றால் ஹாரன், அப்படியொரு ஹாரன். பைக்காரர்கள் சுற்றி வந்து அவருடைய கண்ணாடியைத் தட்டித் திட்டினார்கள். ஒரு தண்ணி லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, கார் ஓட்டத் தெரியாதா, ஓரமா போ என்று கத்தியது எனக்கே கேட்டது. கேம்ப் ரோடு தாண்டி நான் கையை நீட்டினேன். அவர் எனக்குப் பின்னால் சுவர் மாதிரி நின்றார். யாரும் என்னைத் தாண்ட முடியவில்லை. ராணி மாதிரி திரும்பினேன்.

சாயங்காலம் வந்ததும் காதைத் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் விழுந்தார். "இன்னா ஹாரன்டா சாமி. மனுசன் ரோட்ல போறதா வேணாவா? ஒரே பேஜாரா பூட்ச்சு," என்றார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் எதிரிகளின் கதை இல்லை.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, பொய் சொல்வானேன், சுகமாக இருந்தது. அந்த ரோட்டில் முதுகில் பயமில்லாமல் ஓட்டியது அந்த நாட்களில்தான். ஒரு மனிதர் தன் காலைச் சவாரிகளை விட்டுவிட்டு, வாங்காத வசவெல்லாம் வாங்கிக்கொண்டு என் பின்னால் வருகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வாயால் வராத மன்னிப்பு அப்படி வந்தது. நான் அதை ஏற்றுக்கொண்டும் விட்டேன்.

ஆனால் நாலாவதோ ஐந்தாவதோ நாள், எனக்கு முன்னால் இன்னொரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அதே அரசாங்கச் சைக்கிள், பின்னால் கேரியரில் தூக்குப் பை. வீட்டு வேலைக்குப் போகிறவள் போலிருந்தது. என்னைவிட வேகமாக மிதித்தாள். என் இடைவெளிக்கே அவளும் வந்தாள், கையைக் கொஞ்சமாக, பயந்து பயந்து நீட்டினாள். ஒரு ஸ்கூல் வேன் அவளை இடித்துவிடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போக, அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு இறங்கி, தள்ளிக்கொண்டு மறுபடியும் ஓரத்துக்கே போனாள். நான் அவளைத் தாண்டிப் போய்க் கையை நீட்டித் திரும்பினேன். என் பின்னால் கார் இருந்தது. அவள் ஓரத்தில் நின்று என்னையும் காரையும் பார்த்தாள்.

லேபில் அன்று முழுக்க அந்தப் பார்வை என்னை விடவில்லை. எனக்கு வழி விட்டது யார்? யாரும் இல்லை. எனக்குப் புருஷன் இருக்கிறான், அவனிடம் கார் இருக்கிறது, அதற்குக் கிடைத்த மரியாதை அது. நீன்னு தெரிஞ்சிருந்தா என்று அவர் சொன்னதற்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, நான் இப்போது அந்த வார்த்தையின் நிழலில்தானே சுகமாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

ராத்திரி சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, நாளையிலிருந்து என் பின்னால் வர வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நல்லாத்தானே போகிறது, தனக்கும் பழகிவிட்டது என்றார். நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எவனாச்சும் இட்ச்சுட்டான்னா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"எனக்கும் பயம்தான். ஆனா தினமும் அந்த ரோட்ல எத்தனை சைக்கிளைப் பாக்குறீங்க. என் பின்னாடி வந்த மாதிரி அவங்க பின்னாடி போங்க. ஹாரன் அடிக்காம, அவங்க திரும்புற வரைக்கும் நில்லுங்க. எனக்கு அது போதும்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு கதவுக்கு வெளியே போய் என் சைக்கிளின் பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார்.

காலையில் நான் கிளம்பியபோது கார் வாசலிலேயே நின்றது. தெருமுனை வரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன், வரவில்லை. மெயின் ரோட்டில் ஏறியதும் முதுகு பழையபடி கூச ஆரம்பித்தது. லாரி போனது, பஸ் போனது, ஓரமா போ என்று யாரோ கத்திவிட்டுப் போனார்கள். கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டினேன். பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைத் தோளிலிருந்து முழுசாக நீட்டி, நடுவுக்கு வந்தேன். ஒரு கார் எனக்குப் பின்னால் நெருங்கி வேகத்தைக் குறைப்பது கேட்டது. அது ஹாரன் அடிக்கவில்லை. யாராக இருக்கும் என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் அவர் நிற்க வேண்டும், நான் திரும்ப வேண்டும். எதிரே இடம் கிடைத்ததும் மிதித்தேன்.